சந்தியும் சுற்றும் தந்த குஸ்தாவ் கிர்க்காஃப்

மேல்நிலைப் படிப்பை முடித்துப் பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் மின்னணுவியல் பயிலச் செல்லும் நம் சோழவரம், கும்மிடிப்பூண்டி வட்டாரப் பெண்கள், அங்கே மிகவும் கண்டிப்பான ஓர் ஆசிரியரைச் சந்திக்கிறார்கள். அவ்வாசிரியர் மனிதர் அல்லர். ஒரு கணினி மென்பொருள். மின்தடை, மின்தேக்கி, டயோடு, டிரான்சிஸ்டர் ஆகியவற்றைத் திரையில் வரைந்து கோடுகளால் இணைத்துவிட்டால், கையில் ஒரு பொருளும் இல்லாமலே அச்சுற்று எப்படி வேலை செய்யும் என்று அது கணக்கிட்டுக் காட்டும். சிமுலேஷன் என்று இதனை அழைப்பர். ஆனால் பல வேளைகளில் அது கணக்கிடவே மறுத்துவிடும். ஒரு சந்தி மிதக்கிறது என்னும். அணியைத் தீர்க்க இயலவில்லை என்னும். விடை நிலைகொள்ளவில்லை என்னும். படம் சரியாகத்தானே இருக்கிறது, கணினிதான் பழுது என்று எண்ணி மனம் நொந்து எழுந்துவிடுகிற மாணவியர் பலர்.

மறுப்பது உண்மையில் கணினி அன்று. 1887ஆம் ஆண்டில் மறைந்த ஒரு ஜெர்மானியப் பேராசிரியர் மறுக்கிறார். குஸ்தாவ் ராபர்ட் கிர்க்காஃப் என்பது அவர் பெயர். தம் 21ஆம் வயதில் அவர் வகுத்த இரண்டு விதிகளுக்குள் நம் படம் அடங்கவில்லை என்பதையே அம்மென்பொருள் தன் சுருக்கமான மொழியில் சொல்கிறது. அவருடைய வாழ்வை அறிந்துகொண்டால் அந்த மறுப்புகளின் பொருளும் விளங்கும் என்று கருதியே இவ்வாண்டு மலரில் அவரைப் பற்றி எழுத முற்பட்டோம்.

அன்றைய கிழக்குப் பிரஷ்யாவின் தலைநகரான கோனிக்ஸ்பர்க்கில் 1824 மார்ச் 12 அன்று கிர்க்காஃப் பிறந்தார். தந்தையார் அரசின் சட்டத் துறையில் பணியாற்றியவர். அந்நகரம் இன்று கலினின்கிராட் என்ற பெயருடன் ரஷ்யாவில் இருக்கிறது. பிரேகெல் ஆற்றின் குறுக்கே ஏழு பாலங்கள் கொண்டது என்று கணித உலகில் பெயர் பெற்ற ஊர் அது. ஒரு பாலத்தையும் இருமுறை மிதிக்காமல் ஏழையும் கடந்து வர முடியுமா என்று ஊரார் கேட்டு வந்த விளையாட்டுக் கேள்விக்கு, முடியாது என்று ஆய்லர் என்னும் மேதை 1736இல் காரணத்தோடு காட்டினார். பாலம் எவ்வளவு நீளம், ஆறு எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அக்கேள்விக்குத் தேவையே இல்லை. எது எதனோடு இணைந்திருக்கிறது என்பது மட்டும் போதும் என்று கண்டதே ஆய்லரின் பெருமை. அந்த ஊரிலேயே பிறந்த ஒருவர் பின்னாளில் மின்கம்பிகளின் இணைப்பை ஆராய்ந்தது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கிர்க்காஃப் சேர்ந்தபோது அங்கே ஃபிரான்ஸ் நாய்மன் என்ற பேராசிரியர் இருந்தார். அவரும் யாக்கோபி என்ற கணித வல்லுநரும் சேர்ந்து ஒரு கருத்தரங்க வகுப்பைத் தொடங்கியிருந்தனர். ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதிக்கொள்வது அன்றைய வழக்கம். இந்த வகுப்பிலோ மாணவரிடம் ஒரு கணக்கைக் கொடுத்து, அதற்கான வழியை அவரே தேடிக்கொண்டு வரும்படி செய்தனர். பயிற்சியாகத்தான் கொடுத்தார்கள், பெரிய கண்டுபிடிப்பை எவரும் எதிர்பார்த்ததில்லை. 1845இல் கிர்க்காஃப் செய்துகொண்டு வந்த வீட்டுப் பாடத்தில்தான் மின்சுற்றின் இரண்டு விதிகளும் இருந்தன. நம் பிளஸ் டூ இயற்பியல் நூலில் அவர் பெயரோடு இருப்பவை அவையே. ஒரு மாணவர் எழுதிய பயிற்சி ஏடு பின்னர் உலகத்துப் பொறியாளர் அனைவருக்கும் கணக்கேடாக ஆயிற்று.

முதல் விதியை நம் ஊர்த் தண்ணீரைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் ஓர் அணைக்கட்டு உண்டு. பூண்டியிலிருந்து வரும் நீரில் ஒரு பங்கு அங்கே கால்வாயில் திரும்பிச் சோழவரம் ஏரிக்கு வருகிறது. மீதி ஆற்றின் போக்கில் செல்கிறது. பிரியும் இடத்தில் நின்று பார்த்தால், ஒரு நொடியில் வந்து சேர்ந்த நீர் எவ்வளவோ அவ்வளவுதான் இரண்டு வழியிலும் சேர்த்துப் போக முடியும். மின்சுற்றில் கம்பிகள் கூடும் இடத்தைச் சந்தி என்கிறோம். சந்திக்குள் வரும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம். ஏரி நீரைத் தேக்கி வைக்கும். சந்தி ஒரு துளியும் தேக்காது. உவமையில் இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் மறந்துவிடலாகாது.

இரண்டாம் விதிக்குப் பரங்கிமலையை நினைத்துக்கொள்வோம். அடிவாரத்திலிருந்து படிக்கட்டில் ஏறி, உச்சியில் ஆலயத்தைத் தரிசித்து, வாகனச் சாலை வழியே சுற்றி இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வருகிறோம். ஏறிய உயரத்தையும் இறங்கிய உயரத்தையும் கூட்டிக் கழித்தால் பூஜ்ஜியம்தான் வரும். எந்த வழியில் போனாலும் இது மாறாது. மின்சுற்றில் மின்கலம் உயர்த்துகிறது; மின்தடைகள் இறக்குகின்றன. மூடிய பாதை ஒன்றைச் சுற்றி வந்தால் ஏற்றமும் இறக்கமும் சரியாகிவிட வேண்டும்.

இவ்விரண்டும் எவர்க்கும் தெரிந்த செய்திதானே, இதில் என்ன கண்டுபிடிப்பு என்று கேட்கத் தோன்றும். சொன்ன பிறகு எளிது. அதற்கு முன், ஒரே வரிசையில் அமைந்த சுற்றுக்கு ஓம் என்ற ஜெர்மானிய ஆசிரியரின் விதி இருந்தது. வலைபோலக் கிளைத்த சுற்றுகளுக்குப் பொதுவான வழி இல்லாதிருந்தது. மேலும், ஓம் தம் நூலில் மின்னழுத்தத்தைப் பற்றிக் கொண்டிருந்த கருத்து, நிலைமின்னியலில் பிறர் கொண்டிருந்த கருத்தோடு பொருந்தவில்லை. இரண்டும் ஒன்றேதான், ஓம் பேசிய அளவும் நிலைமின்னியலார் பேசும் அழுத்தமும் வேறல்ல என்று 1849இல் நிறுவியவரும் கிர்க்காஃபே. பிறர் கண்ட உண்மையைத் தள்ளிவிடாமல் அதிலிருந்த பிசகை மட்டும் எடுத்துவிடுவது அவருடைய இயல்பு. ஒலிக்கும் தகடுகளின் அதிர்வைப் பற்றி ஆராய்ந்து 1816இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்ற சோஃபி ஜெர்மேன் அம்மையாரின் ஆய்விலும் தகட்டின் விளிம்பு பற்றிய பகுதி குறைபட்டிருந்தது. 1850இல் அதைச் செம்மை செய்து கொடுத்தவரும் இவரே.

இனி, நூறாண்டுகளுக்கு மேல் தாண்டிச் சற்று அமெரிக்காவுக்குச் சென்று திரும்புவோம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், மின்சுற்றைக் கணக்கிடும் நிரல் ஒன்றை 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாணவர்கள் வகுப்புப் பயிற்சியாக எழுதத் தொடங்கினர். அதை வளர்த்தெடுத்து லாரன்ஸ் நேகல் என்ற மாணவரும் டொனால்ட் பெடர்சன் என்ற பேராசிரியரும் ஸ்பைஸ் என்ற பெயரில் 1973இல் அறிமுகம் செய்தார்கள். பெடர்சன் அதை விலையின்றி எவர்க்கும் கொடுத்ததால் உலகெங்கும் பரவிற்று. இன்று கல்லூரிகளிலும் தொழிற்சாலைகளிலும் பயன்படும் சிமுலேஷன் மென்பொருள்களில் மிகப் பல அதன் வழித்தோன்றல்களே. கோனிக்ஸ்பர்க்கில் ஒரு வகுப்புப் பயிற்சி, பெர்க்லியில் ஒரு வகுப்புப் பயிற்சி! வீட்டுப் பாடத்தை அலட்சியம் செய்யும் தங்கையர் இதைக் கவனிக்க.

அந்நிரல் செய்வது இதுதான்: ஒவ்வொரு சந்திக்கும் கிர்க்காஃபின் முதல் விதிப்படி ஒரு சமன்பாடு எழுதுகிறது, எல்லாவற்றையும் ஓர் அணியாக அடுக்கித் தீர்க்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மறுப்புகள் ஒவ்வொன்றும் திறந்துகொள்ளும்.

மிகுதியாக நேர்வது எர்த் குறியை வைக்க மறப்பது. பொம்மைக் காருக்கோ கைவிளக்கிற்கோ எர்த் ஏது, மின்கலம் இருந்தால் போதாதா என்று மாணவி கேட்பாள். கேள்வி நியாயமானதே. ஆனால் ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையைப் பாருங்கள். ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திற்கு மேல் இவ்வளவு மீட்டர் என்று எழுதியிருக்கும். கடல் மட்டம் என்று ஒன்றைப் பூஜ்ஜியமாக எல்லோரும் ஒப்புக்கொண்டதால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. சுற்றில் அழுத்த வேறுபாடுகள் மட்டுமே உண்மை. எங்கேயாவது ஒரு சந்தியைப் பூஜ்ஜியம் என்று நாம் சொல்லாவிட்டால் எந்தச் சந்திக்கும் எண் கொடுக்க முடியாது. கணிதத்தில் சொன்னால், எல்லாச் சந்திகளின் சமன்பாடுகளையும் கூட்டினால் ஒன்று மற்றவற்றில் அடங்கிவிடுகிறது; மாறிகளை விடச் சமன்பாடு ஒன்று குறைகிறது. அதனால்தான் அணியைத் தீர்க்க இயலவில்லை என்ற செய்தி. சுற்றின் ஓரிடத்தில் எர்த் குறியை வைத்ததும் அது நீங்கும்.

எர்த் இருந்தும் அதே செய்தி வரலாம். இரண்டு மின்தேக்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் நடுவிலுள்ள சந்தியைக் கவனியுங்கள். நேர்மின்னோட்டம் மின்தேக்கியைக் கடக்காது. ஆகவே அச்சந்திக்குள் வருவதும் இல்லை, போவதும் இல்லை. கிர்க்காஃபின் சமன்பாடு அங்கே பூஜ்ஜியம் சமம் பூஜ்ஜியம் என்று நின்றுவிடுகிறது. அழுத்தம் என்னவென்று அது சொல்லாது. கரையோடு கட்டப்படாத படகு போன்ற இச்சந்தியையே மிதக்கும் சந்தி என்கிறார்கள். மின்மாற்றியின் இரண்டாம் சுருளும் முதல் சுருளோடு கம்பித் தொடர்பு இல்லாததால் இப்படி மிதக்கும். அச்சந்தியிலிருந்து எர்த்துக்கு 100 கோடி ஓம் போன்ற மிகப் பெரிய மின்தடை ஒன்றை இணைத்துவிட்டால் போதும். அதன் வழியே செல்லும் மின்னோட்டம் சுற்றைப் பாதிக்காத அளவு சிறியது. ஆனால் படகுக்குக் கயிறு கிடைத்துவிடுகிறது.

இரண்டாம் விதியை மீறுவதும் உண்டு. 12 வோல்ட் மூலத்தையும் 9 வோல்ட் மூலத்தையும் நேருக்கு நேர் கம்பியால் இணைத்துவிட்டால், சுற்றி வரும்போது 3 வோல்ட் கணக்கில் மிஞ்சுகிறது. அதை இறக்க இடையில் ஒரு மின்தடையும் இல்லை. 12, 12 என்று சமமாக இருந்தாலும் எவ்வளவு மின்னோட்டம் என்பதற்கு விடை கிடையாது. நேர்மின்னோட்டக் கணக்கில் மின்தூண்டி என்பது வெறும் கம்பியே ஆகையால், மூலத்துக்கு நேர் குறுக்கே மின்தூண்டியைப் போட்டாலும் இதே சிக்கல். கடையில் வாங்கும் உண்மையான மின்கலத்துக்குள் சிறிதளவு அகமின்தடை இயல்பாகவே உண்டு. திரையில் வரையும் மின்கலத்துக்கு அது இல்லை. ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தொடரில் சேர்த்தால் கணக்கு ஓடும். இங்கே மென்பொருள் நம்மைத் தொல்லைப்படுத்தவில்லை; இப்படி ஒரு பொருள் உலகில் இல்லை என்று நினைவூட்டுகிறது.

விடை நிலைகொள்ளவில்லை என்ற செய்தி வேறு வகை. டயோடிலும் டிரான்சிஸ்டரிலும் அழுத்தம் சிறிது கூடினால் மின்னோட்டம் பன்மடங்காகப் பெருகும். அத்தகைய சமன்பாட்டை ஒரேயடியாகத் தீர்க்க இயலாது. நியூட்டன் காட்டிய வழியில் ஓர் ஊகத்தில் தொடங்கி, சந்திதோறும் கிர்க்காஃபின் கணக்கு எவ்வளவு தவறுகிறது என்று பார்த்து, ஊகத்தைத் திருத்தித் திருத்தி நெருங்க வேண்டும். சாதாரணமாக 100 திருத்தங்கள் வரை முயன்றும் சமன் ஆகாவிட்டால் மென்பொருள் கையை விரித்துவிடும். அப்போது முதலில் செய்ய வேண்டியது இணைப்பைப் பார்ப்பது: டயோடு தலைகீழாக இருக்கலாம், டிரான்சிஸ்டரின் கால்கள் மாறியிருக்கலாம். அதன்பின் தொடக்க ஊகத்தை நாமே கொடுக்கலாம். அல்லது மூலத்தின் அழுத்தத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து படிப்படியாக உயர்த்தச் சொல்லலாம். நேர அடி மிகச் சிறுத்துவிட்டது என்று அது சொன்னால், எங்கேயோ ஓர் அழுத்தம் ஒரு கணமும் எடுக்காமல் தாவும்படி வரைந்திருப்போம். உண்மையான ஸ்விட்ச் எதுவும் அப்படித் தாவுவதில்லை. எழுச்சிக்குச் சிறிது நேரம் கொடுக்க வேண்டும்.

இவ்விடத்தில் சிலர் ஒரு குறுக்கு வழி செய்கிறார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பிழையைப் பொறுத்துக்கொள் என்பது அம்மென்பொருளுக்கு இயல்பாக இடப்பட்ட கட்டளை. அந்த எல்லையைத் தளர்த்தினால் மறுப்பு நின்று விடை வந்துவிடும். மளிகைக் கடைக் கணக்கில் ரூபாய் குறைந்தால், குறைந்ததைத் தேடாமல் தராசை மாற்றுவது போன்றது இது. நாம் இதனை ஒப்புக்கொள்வதற்கில்லை.

நத்தார்க் குடிலில் மாறி மாறி மின்னும் விளக்குக்கு இரண்டு டிரான்சிஸ்டர்கள் கொண்ட எளிய சுற்று ஒன்று உண்டு. செய்து பார்த்தால் உடனே மின்னும். திரையில் வரைந்தால் சிலவேளை மின்னவே மின்னாது. மென்பொருளும் குறை ஒன்றும் சொல்லாது. காரணம் வேடிக்கையானது. கடையில் வாங்கும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒருபோதும் அச்சாக ஒன்றுபோல் இரா. ஒன்று முந்திக்கொள்ளும், ஆட்டம் தொடங்கும். திரையிலோ இரண்டும் இம்மியளவும் மாறாத இரட்டையர். இருபுறமும் சமமாக நிற்கும் ஒரு நிலையில் கிர்க்காஃபின் இரு விதிகளும் நிறைவேறிவிடுவதால் மென்பொருள் அங்கேயே நின்றுவிடுகிறது. ஒரு மின்தேக்கியின் தொடக்க அழுத்தத்தை நாமாக வேறாகக் கொடுத்தால் மின்னத் தொடங்கும்.

மறுக்கும் பிழையை விட மறுக்காத பிழையே கொடியது என்பது நம் கருத்து. ஸ்பைஸ் வழியில் வந்த மென்பொருள்களில் எம் என்ற எழுத்து, பெரிதாக எழுதினாலும் சிறிதாக எழுதினாலும், மில்லி என்றே பொருள்படும். மெகா வேண்டுமானால் மெக் என்று மூன்று எழுத்தாக எழுத வேண்டும். 10 மெகா ஓம் என்று எண்ணி எம் எழுத்தை இட்டால் 10 மில்லி ஓம் ஆகிவிடும். நூறு கோடி பங்கில் அல்லவா, அதற்குள் ஒரு பங்கில் கணக்கு நடக்கும்! ஒரு பாரட் மின்தேக்கி என்று நினைத்து எண்ணுக்குப் பின் எஃப் எழுத்தை இட்டாலும் அது ஃபெம்டோ என்று கொள்ளும். கேள்வி கேட்காமல் அழகான வரைபடமும் போட்டுக் காட்டும். இதற்கு மருந்து பழைய மருந்தே: ஏதேனும் ஒரு சந்தியைத் தேர்ந்துகொண்டு, தாளும் பேனாவும் எடுத்து, வருவதும் போவதும் நாம் எதிர்பார்த்த அளவில் இருக்கின்றனவா என்று கையால் பார்ப்பது.

கிர்க்காஃபின் கதைக்குத் திரும்புவோம். 1847இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்றில், சிக்கலான வலையில் எத்தனை சுற்றுகளுக்குச் சமன்பாடு எழுதினால் போதும் என்று ஆராய்ந்தார். நாம் ஆய்வுக்கூடத்தில் காணும் வீட்ஸ்டன் சமனச் சுற்றில், மின்கலத்தையும் கால்வனாமீட்டரையும் சேர்த்துக் கிளைகள் 6, சந்திகள் 4. அதில் மூடிய பாதைகள் ஏழு வரையலாம். ஏழுக்கும் எழுதத் தேவையில்லை. 6இலிருந்து 4ஐக் கழித்து 1ஐக் கூட்ட வரும் 3 போதும். மற்ற நான்கும் இம்மூன்றின் கூட்டுக் கழித்தலே. சுற்று ஒன்றும் மிஞ்சாதபடி கிளைகளை வெட்டிவிட்டால் மரம் போன்ற வடிவம் நிற்கும் என்பதைக் கொண்டு இதனைக் காட்டினார். ஆய்லருக்குப் பின் அத்துறையில் பெரிய அடி எடுத்து வைத்தவர் அதே ஊர்க்காரர்.

அதன்பின் சிறிது காலம் பெர்லின், 1850 முதல் பிரஸ்லாவ். அங்கே 1851இல் ஓராண்டு பணிக்கு வந்த வேதியியலார் ராபர்ட் புன்சன், தம்மை விடப் பதின்மூன்று வயது இளையவரான கிர்க்காஃபின் உற்ற நண்பரானார். புன்சன் ஹைடல்பர்க் சென்றதும் நண்பரையும் விடாமல் 1854இல் அங்கே வரவழைத்துக்கொண்டார். 1857இல் கிர்க்காஃப், தம் கணித ஆசிரியர் ரிச்சலோட் அவர்களின் மகள் கிளாராவை மணந்தார். அதே ஆண்டில் தந்திக் கம்பியில் மின்குறிகள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் செல்லும் என்றும் கணக்கிட்டுக் காட்டினார்.

ஹைடல்பர்க்கில் இரு நண்பர்களும் செய்தது உலகம் அறிந்தது. பொருள்களைச் சுடரில் இட்டு, அவ்வொளியை முப்பட்டகத்தால் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கே உரிய கோடுகள் தெரியும். சூரிய ஒளியில் காணும் கருங்கோடுகளும் அதே இடங்களில் அமைந்திருப்பதன் காரணத்தை 1859இல் கிர்க்காஃப் விளக்கினார்: எந்த ஒளியை ஒரு பொருள் உமிழுமோ அதே ஒளியை அது விழுங்கவும் செய்யும். ஆகவே சூரியனில் சோடியம் உண்டு என்று, பூமியில் இருந்தபடியே சொல்ல முடிந்தது. 1860இல் சீசியம், 1861இல் ருபிடியம் என்று இரண்டு புதிய தனிமங்களும் இம்முறையில் கிடைத்தன.

இவ்வழி நம் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. 1868 ஆகஸ்ட் 18இல் முழுச் சூரிய கிரகணம் ஏற்பட்டபோது, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் ஜான்சன் என்ற பிரெஞ்சுக்காரரும், மசூலிப்பட்டணத்தில் நுங்கம்பாக்கம் வான்நோக்கு நிலையத்தின் தலைவர் நார்மன் போக்சனும் சூரியனின் விளிம்பொளியைப் பிரித்துப் பார்த்தனர். அங்கே கண்ட மஞ்சள் கோடு சோடியத்தின் கோட்டோடு ஒத்துப் போகவில்லை என்று பின்னர் தெளிவாயிற்று. பூமியில் அதுவரை எவரும் கண்டிராத ஹீலியம் அது. 1895இல்தான் அதைப் பூமியில் பிரித்தெடுத்தார்கள்.

தம் முறை உலகெங்கும் வெற்றி பெற்ற அந்த 1868ஆம் ஆண்டே கிர்க்காஃபின் வீட்டுக்கு இருண்ட ஆண்டாக அமைந்தது. படியில் விழுந்து காலில் பட்ட அடி ஆறவில்லை. நெடுங்காலம் ஊன்றுகட்டைகளும் சக்கர நாற்காலியுமாக நடமாட வேண்டியதாயிற்று. மறு ஆண்டில் கிளாரா இறந்துபோனார். தாயை இழந்த பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. வகுப்பை மட்டும் அவர் விடவில்லை.

அந்த 1869இல் ஹைடல்பர்க் வகுப்பறைக்கு ரஷ்யாவிலிருந்து 19 வயதுப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். அப்பல்கலைக்கழகத்தில் பெண்களுக்குச் சேர்க்கை இல்லை. பேராசிரியர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இசைவு பெற்றே உட்கார்ந்து கேட்க வேண்டும். அவ்வாறு கிர்க்காஃபின் இயற்பியல் விரிவுரைகளைக் கேட்ட அந்த சோஃபியா கொவலெவ்ஸ்கயா 1874இல் கணிதத்தில் டாக்டர் பட்டமும், 1889இல் ஸ்டாக்ஹோமில் நிலையான பேராசிரியர் பதவியும் பெற்றார். பெயர்ப் பதிவேட்டில் இடமில்லாத ஒரு மாணவிக்கு, துயரத்தின் நடுவில் இருந்த அந்தப் பேராசிரியர் தம் வகுப்பின் கதவைத் திறந்து வைத்தார் என்பதை நம் மாணவியர் அறிந்திருக்க வேண்டும்.

1872இல் லூயிஸ் பிரோமல் என்னும் அம்மையாரை மறுமணம் செய்துகொண்டார். உடல் நலிவால் ஆய்வுக்கூட வேலை இயலாமற் போகவே, 1875இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் பேராசிரியர் பதவியை ஏற்றார். வானொலிக்கு வித்திட்ட ஹெர்ட்ஸும், மாக்ஸ் பிளாங்கும் அங்கே அவரிடம் பாடம் கேட்டவர்கள். எல்லா ஒளியையும் விழுங்கும் கரும்பொருள் ஒன்று சூடேறினால் எவ்வகை ஒளியை எவ்வளவு உமிழும் என்ற கேள்வியைக் கிர்க்காஃப் எழுப்பிவிட்டு, விடை காணாமலே சென்றார். அவருக்குப் பின் அவருடைய இடத்துக்கு வந்த பிளாங்க் 1900இல் விடை கண்டார். குவாண்டம் கொள்கை பிறந்தது. அக்கொள்கையால் குறைகடத்தி விளங்கிற்று. 1947இல் டிரான்சிஸ்டர் வந்தது. அதனால் கணினி சிறுத்து மேசைக்கு வந்தது. அக்கணினிக்குள்தான் இன்று அவருடைய 1845ஆம் ஆண்டு வீட்டுப் பாடம் நொடிக்குப் பல்லாயிரம் முறை சரிபார்க்கப்படுகிறது.

1886இல் விரிவுரைகளை நிறுத்திக்கொண்ட கிர்க்காஃப், 1887 அக்டோபர் 17 அன்று தம் 63ஆம் வயதில் பெர்லினில் காலமானார். ஷோனபெர்க் பகுதியிலுள்ள பழைய புனித மத்தேயு கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. சிண்ட்ரெல்லா, பனிவெண்மை முதலிய கதைகளைத் தொகுத்துத் தந்த கிரிம் சகோதரர்களும் அதே தோட்டத்தில்தான் துயில்கிறார்கள். ஜெர்மன் மொழியில் கிர்க்கோஃப் என்றால் கோயிலை ஒட்டிய கல்லறை முற்றம் என்று பொருள்.